மூன்று சக்கரத் திமிங்கலம்

ஜனவரி 9

பாசத்துக்குரிய சுண்டெலிக்கு,

உன் தாய்மாமன், பல்செட் சக்கரவர்த்தி, இந்த ஊரின் வாய்க்குள் பல்செட் கட்டி நாற்பது ஆண்டுகள் ஆட்சி செய்தவன் எழுதுவது. இங்கே என் உடம்பு முழுக்க நலம், இடது முழங்கால் நீங்கலாக. அது தனி நாடாகப் பிரிந்து போய்விட்டது. அங்கே நீ, உன் இரட்டை வால்கள், கப்பலில் மிதக்கும் உன் வீட்டுக்காரர், எல்லோருக்கும் மேலாக என் அக்கா, யாவரும் சௌக்கியமா?

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரி மாமா, சரி மாமா" என்று என்னை நடுவில் வெட்டிவிடுகிறாய். கடிதத்தை எப்படி வெட்டுவாய், பார்க்கிறேன்.

செய்தி இதுதான். முழங்காலைத் திறந்து எஃகு வைத்து மூடிய டாக்டர், "இனிமே ரெண்டு சக்கர வண்டியை மறந்துடுங்க" என்றார். "மறந்துட்டேன் டாக்டர்" என்றேன். மறுவாரம் மூன்று சக்கர வண்டி வாங்கிவிட்டேன். ஆட்டோ என்று நினைத்துக் குறுநகை புரியாதே. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, நெடுந்தூரம் போவதற்கென்றே பிறந்த மோட்டார் சைக்கிள். அரை டன் எடை. பின்சீட்டில் கை வைக்க இடம், முதுகு சாய இடம், என் வீட்டு நாற்காலி ஒன்றுக்கும் அந்த யோகம் கிடையாது. பெயர் திமிங்கலம். லாரியிலிருந்து தெருவில் இறக்கியபோது பூமி ஒரு விரற்கடை கீழே போனது. மேலதிகாரிகள் அளந்துகொண்டு இருக்கிறார்கள்.

முதல் நாளே பாடம். இரண்டு சக்கரத்துக்காரன் வளைவில் உடம்பைச் சாய்ப்பான். நானும் வழக்கம்போலச் சாய்ந்தேன். திமிங்கலம் சாயவில்லை. நான் ஒரு பக்கம் தொங்க, அது நேராகப் பக்கத்து வீட்டு மதிலிடம் போய்க் குசலம் விசாரித்தது. "இதுகிட்ட உடம்பால பேசக்கூடாது சார். கையால பேசணும். ஹேண்டில்பாரைத் தள்ளுங்க, இழுங்க" என்றார் மெக்கானிக். தெருவில் அவருக்கு கிரீஸ் என்று பெயர். மாதத்துக்கு மூன்று வாக்கியம் பேசும் மனிதர். என்னால் அன்றைக்கே பிப்ரவரி மாதக் கணக்கையும் செலவழித்துவிட்டார்.

இப்போது உன் வேலை. உரிம அலுவலகம் எனக்குக் கொடுத்திருப்பது ஆறு மாதத் தற்காலிக உரிமம். ஜூலை பத்தாம் தேதி மறுபரிசீலனை. ஓட்டிக் காட்ட வேண்டும். கூடவே, "இவர் ஓட்டத் தகுந்தவர்" என்று குடும்பத்தில் ஒருவர் எழுத்தில் சான்று தர வேண்டுமாம். எனக்கு மனைவியா, மக்களா? உன் பெயரைப் போட்டுவிட்டேன். நீ காப்பீட்டுக் கம்பெனியில் விபத்து அறிக்கை எழுதுகிறவள். உன் கையெழுத்துக்கு எடை உண்டு.

உரிமம் நிலைத்தால் ஆகஸ்ட்டில் அக்காவைப் பின்சீட்டில் ஏற்றி இருபத்திரண்டு நாள் பயணம். கடலோரமாகவே போய், மலை ஏறி, மறுபக்கம் இறங்கித் திரும்புவது. கல்யாணத்துக்கு முன்னால் அக்கா என் பைக்கில் ஒரே ஒரு முறை தெருமுனை வரைக்கும் வந்தாள். "இன்னும் கொஞ்ச தூரம் போடா" என்றாள். அதற்குள் அப்பா பார்த்துவிட்டார். அந்தக் கொஞ்ச தூரம் அப்படியே பாக்கி நிற்கிறது.

அக்காவிடம் சொல். வால்களுக்கு ஆளுக்கொரு குட்டு.

மூன்று சக்கரத்தில் நிலைகொண்ட,
பல்லு மாமா


ஜனவரி 30

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். முழங்கால் தேவலையா? பயிற்சிக்குப் போகிறீர்களா, போனதாக எழுதப்போகிறீர்களா?

சான்றுக் கடிதம் நான் எழுதித் தருகிறேன். கவலை வேண்டாம். ஆனால் "என் மாமா தங்கமானவர்" என்று எழுதினால் ஏற்கமாட்டார்கள். எனக்கு விவரம் வேண்டும். ஓட்டும்போது நடக்கும் ஒவ்வொன்றையும் தேதி, இடம், வேகம், சேதம், காயமடைந்தோர் என்ற வரிசையில் எழுதி அனுப்புங்கள். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் கேட்போம். உங்கள் கைப்படவே எழுதுங்கள்.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் முதல், மாதத்தில் பாதி நாள் வெளியூர் ஆய்வு. பிள்ளைகளுக்கு ஐந்து வயதாகியும் அம்மா ஊட்டினால்தான் சாப்பாடு இறங்குகிறது.

அம்மாவுக்கு இடுப்பு வலி. அரை மணி நேரம்கூட சேர்ந்தாற்போல் உட்கார முடிவதில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 18

பதவி உயர்ந்த பெருமாட்டி சுண்டெலி அவர்களின் திருச்சமூகத்துக்கு,

வாழ்த்து. இந்த மகிழ்ச்சியில் என் முழங்கால் தானாக இரண்டு பாகை மடங்கியது. அனைவர் நலமும் அறிய ஆவல், குறிப்பாக அந்த இடுப்பின் நலம். பயணத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, பேனாவில் மை தீர்ந்ததா?

நீ கேட்ட வரிசையில் தருகிறேன், எடுத்துக்கொள்.

தேதி: பிப்ரவரி 11. இடம்: சந்தை சிக்னல். வேகம்: நத்தை நம்மை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் அளவு. சம்பவம் வருமாறு. இரண்டு சக்கரத்துக்காரனுக்கு வண்டி நின்றால் கால் தானாக இறங்கும். முப்பத்தெட்டு வருடப் பழக்கம். காலிடம் "மூன்று சக்கரம் வந்துவிட்டது, இனி உனக்கு ஓய்வு" என்று நான் சொல்லியிருந்தேன். அது காதில் வாங்கவில்லை. வண்டி முழுசாக நிற்பதற்கு முன்னால் இறங்கியது. பின்னாலேயே அரை டன்னும் வந்து அதன் மேல் ஏறியது. தன் காலில் தானே வண்டி ஏற்றிக்கொண்ட வீரன் வரலாற்றில் உன் மாமன் ஒருவனே.

நான் போட்ட அலறலில் சிவப்பு விளக்கு பயந்து பச்சையானது. நாலு பஸ் பின்னோக்கி ஓடின. பால்கனியிலிருந்து ஒரு பெண்மணி தவறவிட்ட குழந்தை, கீழே போன மெத்தை வண்டியில் விழுந்து, தூக்கம் கலையாமல் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. சேதம்: ஒரு சந்தை. காயமடைந்தோர்: பதினேழு பேர், சிரித்துச் சிரித்து வயிறு வலித்து.

(என் பூட்ஸின் குதிகால் கொஞ்சம் தேய்ந்தது. அவ்வளவுதான். பெட்ரோல் டாங்கின் மேல் "கால்!" என்று எழுதிய காகிதத்தை ஒட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து இறங்கவில்லை.)

பராமரிப்பும் கேள். பைக்குக்குக் குழியைத் தாண்டிப் போகலாம், காருக்குக் குழியை நடுவில் விட்டுப் போகலாம். இதற்கு முன்சக்கரம் தப்பினால் பின்னால் ஒன்று விழும், பின்னது தப்பினால் முன்னது விழும். மூன்று பாதை, மூன்றும் குழி. வாரத்துக்கு ஒரு முறை டயரில் காற்றுப் பார்க்கிறேன். பின் டயர்களுக்குக் காற்று குறைவாகத்தான் வேண்டும். கூட வைத்தால் பின்சீட்டில் இருப்பவர் வானத்துக்குப் போய்த் தரிசனம் முடித்து வருவார். சக்கர மூட்டுகளில் கிரீஸ் அடிக்கவும், பின் அச்சின் எண்ணெய் மாற்றவும், பெல்ட்டின் இறுக்கம் அளக்கவும் பழகிவிட்டேன். அந்த எண்ணெயை வடித்தபோது பல்பொடி அளவுக்கு இரும்புத் தூள் இருந்தது. "புதுசுல அப்படித்தாங்க" என்றார் கிரீஸ். மார்ச் மாத வாக்கியம் ஒன்று போயிற்று.

அக்காவுக்கு ஹெல்மெட் ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உள்ளே ஒரு சீட்டும் உண்டு.

காலை மேலேயே வைத்திருக்கும்,
மாமா


ஏப்ரல் 2

தம்பிக்கு,

அக்கா எழுதறேன். நல்லா இருக்கியா? காலு எப்படிடா இருக்கு? நான் கல்லு மாதிரி இருக்கேன்.

பார்சல் வந்தப்போ அவ ஆபீஸ்ல இருந்தா. நல்லவேளை. சீட்டைப் படிச்சு எனக்கு ஒண்ணும் புரியல. "இடுப்பு வலி தேவலையா"ன்னு எழுதியிருக்கியே, யாருக்கு? எனக்கா? லிஃப்ட் ஓடாத அன்னிக்கு ரெண்டு பேரையும் ரெண்டு பக்கம் இடுக்கிக்கிட்டு மூணு மாடி ஏறறேண்டா நான்.

பயணம்னு எழுதியிருக்கியே, அதையும் இங்க யாரும் எங்கிட்ட சொல்லல. நெஜமாவாடா? இருபத்திரண்டு நாளா?

சமையலறைல கதவைச் சாத்திக்கிட்டு ஹெல்மெட்டைப் போட்டுப் பாத்தேன். சரியா இருக்கு. கண்ணாடியை இறக்கினா குக்கர் சத்தம்கூட எங்கயோ கேக்கற மாதிரி இருக்கு. அப்படியே கொஞ்ச நேரம் நின்னேன். பசங்க பாத்துட்டு, "பாட்டி ராக்கெட்ல போறாங்க"ன்னு கத்துதுங்க. "உஸ், அம்மாகிட்ட சொல்லாதீங்க"ன்னேன்.

பின்னாடி உக்கார்றவங்க காலை எங்க வெப்பாங்க? புடிச்சிக்க ஏதாச்சும் இருக்கா? அதை மட்டும் எழுது. நான் வரேன். அவகிட்ட நீயே பக்குவமா சொல்லு. எனக்கு அவகிட்ட கேக்க வராது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 14

மறைபொருள் காக்கும் சுண்டெலிக்கு,

மாமன் நலம். கால் நலம். திமிங்கலம் நலம். உன் அம்மாவின் இடுப்பு, உலகத்திலேயே நலமான இடுப்பு என்று எனக்கு எழுத்து வடிவில் தகவல் வந்திருக்கிறது. மூன்று மாடியை இரண்டு மூட்டையோடு ஏறும் இடுப்பாம் அது. அப்படியானால் வலி யாருக்கு? உனக்கா? எந்த இடத்தில்?

பிடிபட்டாயா, எலியே! நீ ஏழு வயதில் என் பட்டறையில் ஒரு முழுப் பல்செட்டை முழுங்கிவிட்டதாக ஊரை நம்ப வைத்தவன் நான். என்னிடமே இடுப்பு வலி விற்கிறாய்.

விஷயம் எனக்கு விளங்காதா? சம்பளமில்லாத ஆயா இருபத்திரண்டு நாள் விடுப்பில் போனால் உன் அரசாங்கம் கவிழும். கவிழட்டும். அந்த இருபத்திரண்டு நாளாவது உன் பிள்ளைகளுக்கு நீயே அம்மாவாக இருந்து பார். முகம் மறந்திருக்கும், வாசலில் நின்று உன்னை அறிமுகப்படுத்திக்கொள்.

சரி, சான்றுக்குத் தேவையான விவரம். கை பழகிவிட்டது. எவ்வளவு என்று கேள். நேற்று நெடுஞ்சாலையில் தூங்கிக்கொண்டே நாற்பது கிலோமீட்டர் போனேன். திமிங்கலம்தான் அங்கங்கே நிறுத்தி ஆட்களிடம் வழி கேட்டுக்கொண்டது. விழித்தபோது ஒரு சுங்கச்சாவடியைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருந்தேன். பிரேக்கா? பிடிப்பதில்லை. முறைத்துப் பார்த்தால் நிற்கும்.

கிரீஸ் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். இறங்கி, "அம்மாவைத் தைரியமா கூட்டிட்டுப் போலாம்" என்றார். அவர் கண்ணில் நீர் இருந்தது. தூசியாகவும் இருக்கலாம்.

சான்றைச் சீக்கிரம் எழுது. அக்காவிடம் காலை வைக்க அகலமான பலகை இருக்கிறது என்று சொல். நீ சொல்லமாட்டாய். நானே எழுதிக்கொள்கிறேன்.

அகப்பட்ட எலிக்கு ஆசிகளுடன்,
மாமா


மே 22

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே யாவரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். பிள்ளைகளுக்கு மாறி மாறிக் காய்ச்சல்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீங்கள் சொன்னது சரிதான். அம்மாவிடம் நான் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

சான்றை எழுதி நேராக அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். விண்ணப்பதாரருக்கு நகல் தரக்கூடாதாம், விதி. என் பங்குக்கு நான் அதிகம் எழுதவில்லை. பெரும்பாலும் உங்கள் வார்த்தைகளையே பயன்படுத்தியிருக்கிறேன். உங்களைப்போல் எழுத யாரால் முடியும்?

தேர்வுக்கு நன்றாகத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 8

என் கண்ணே சுண்டெலி,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் சும்மா உட்கார்வது எவ்வளவு அபூர்வம் என்று சூரிய சந்திரரைக் கேள்.

போன கடிதத்தில் உன்னைக் கொஞ்சம் கடித்துவிட்டேன். எல்லாம் கட்டுப்பல், கழற்றி வைத்துவிட்டேன். அந்த "அறிமுகப்படுத்திக்கொள்" என்ற வரி வேண்டாத வரி. வேடிக்கையாகத்தான் எழுதினேன்.

இங்கே தயாரிப்பு தடபுடல். தினமும் காலையில் மைதானத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து எட்டு போடுகிறேன். இறுக்கமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் பூமியை விட்டு எழும்பும். வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிட வேண்டும், நடுவில் பிரேக் தொடக்கூடாது. இதைக் கற்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் மனம் படபடக்கிறது. முப்பத்தெட்டு வருடமும் முன்னோக்கியே போனவனுக்கு அது வேறு தொழில்.

வரைபடம் வாங்கிவிட்டேன். ஒரு நாளைக்கு நூற்றெண்பது கிலோமீட்டருக்கு மேல் கிடையாது. அக்காவுக்கு மணிக்கொரு முறை காபி.

உன் சான்றுக்கு நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. அதனால் எழுதவில்லை.

உன் மாமா


ஜூலை 14
ஓட்டுநர் உரிம மறுபரிசீலனைப் பிரிவு

விண்ணப்பதாரருக்கு,

பொருள்: மூன்று சக்கர மோட்டார் சைக்கிள், தற்காலிக உரிமம் ரத்து தொடர்பாக.

1. தாங்கள் ஜூலை 10 அன்று நடந்த ஓட்டுத் தேர்வில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு மதிப்பெண் பெற்றுள்ளீர்கள். ரிவர்ஸ் எடுப்பதில் இரு மதிப்பெண் குறைக்கப்பட்டது.

2. எனினும், தாங்களே குறிப்பிட்ட குடும்பத்தார் (சகோதரியின் மகள்) தாக்கல் செய்த அறிக்கையில், தங்கள் கைப்பட எழுதிய கடிதங்களின் கீழ்க்கண்ட பகுதிகள் மூலத்துடன் இணைக்கப்பட்டுள்ளன:

(அ) "சேதம்: ஒரு சந்தை. காயமடைந்தோர்: பதினேழு பேர்"
(ஆ) "தூங்கிக்கொண்டே நாற்பது கிலோமீட்டர் போனேன்"
(இ) "பிரேக்கா? பிடிப்பதில்லை."

3. இவை வேடிக்கையாக எழுதப்பட்டவை எனத் தாங்கள் நேரில் தெரிவித்தீர்கள். எந்த வரி வேடிக்கை, எந்த வரி உண்மை எனப் பிரித்துக் காட்டுமாறு குழு கேட்டபோது, "எல்லாத்துலயும் கொஞ்சம் உண்மை இருக்குங்க" எனப் பதிலளித்தீர்கள். அப்பதில் பதிவு செய்யப்பட்டது.

4. எனவே தற்காலிக உரிமம் ரத்து செய்யப்படுகிறது. மறு விண்ணப்பத்துக்கு இடமில்லை. வாகனத்தை முப்பது நாள்களுக்குள் வேறொருவர் பெயருக்கு மாற்றி ஒப்படைக்க வேண்டும்.

பிரிவு அலுவலர்


ஜூலை 16

மருமகளுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. படித்தேன்.

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் உன் அறிக்கையை வாசிக்க வாசிக்க, ஓரத்தில் இருந்த அம்மாள் ஒருவர் சிரித்துவிட்டார். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட வந்தது, நம் எழுத்துக்குச் சிரிக்கிறார்களே என்று. அப்புறம் நடுவில் இருந்தவர், "இது உங்க கையெழுத்துதானே? ஆமாவா, இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன்.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் தூங்கிக்கொண்டே ஓட்டினேன் என்று நீ நம்பினாயா?

அக்காவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மாமா


ஜூலை 27

மாமாவுக்கு,

நலம்.

நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. எழுதியது நீங்கள். நான் ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை. தேவையில்லாததை விட்டேன், என் தொழிலே அதுதான்.

"முகம் மறந்திருக்கும், வாசலில் நின்று உன்னை அறிமுகப்படுத்திக்கொள்." இதுவும் வேடிக்கை வரி என்று பிறகு எழுதினீர்கள். அதை நான் அலுவலகக் கழிப்பறையில் நின்று படித்தேன். வேடிக்கை எதுவென்று அன்றைக்கு எனக்கும் பிரித்துப் பார்க்க வரவில்லை. நீங்கள் எல்லோரையும் அடிப்பீர்கள், வலித்தால் சிரிப்பு என்பீர்கள். இந்த முறை நான் சிரித்தேன்.

அம்மா பெட்டியை எடுத்து வைத்திருந்தார். அவரிடம் வண்டியே கிடையாது என்று சொல்லிவிட்டேன். மாமா வழக்கமாக விடும் கதைகளில் இதுவும் ஒன்று என்றேன். உடனே நம்பவில்லை. ஆனால் அதிக நேரமும் ஆகவில்லை. உங்களைப் பற்றி எதையும் அப்படி நம்ப வைத்துவிடலாம், அவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறீர்கள்.

அலுவலக உத்தரவு உங்களிடம் இருக்கிறது. வேண்டுமானால் அம்மாவுக்கு அனுப்புங்கள். மகள் என்ன செய்தாள் என்று அவருக்குத் தெரியட்டும். தெரிந்த பிறகும் அவர் இந்த வீட்டில்தான் சாப்பிட வேண்டும், என் பிள்ளைகள் பக்கத்தில்தான் படுக்க வேண்டும். உங்கள் பட்டறைக்குப் பின்னால் இருப்பது ஒற்றைக் கட்டில். அதில் அம்மா படுப்பாரா, நீங்களா?

யோசித்துச் செய்யுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

அக்கா. நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கேன்னு கேக்க இன்னிக்கு மனசு வரல, இருந்தாலும் கேக்கறேன்.

அவ சொல்லிட்டா. வண்டியே இல்லையாமே. எல்லாம் நீ பட்டறைல உக்காந்து ஜோடிச்சதாமே. நான் சண்டை போட்டேன். "ஹெல்மெட் அனுப்பியிருக்கானே"ன்னேன். "கடைல கேட்டா யாருக்கு வேணா குடுப்பாங்கம்மா"ன்னா. "ஒரு போட்டோவாச்சும் அனுப்பினாரா?"ன்னு கேட்டா. அப்பதான் யோசிச்சேன். ஒரு போட்டோகூட இல்லையேடா.

சின்ன வயசுல குதிரை வாங்கிட்டேன்னு சொல்லி என்னை மழையில ரெண்டு மணி நேரம் தெருமுனைல நிக்க வெச்சவன் நீ. அப்ப சிரிச்சேன். எனக்குப் பன்னெண்டு வயசு. இப்ப அறுபத்து நாலு. பக்கத்து வீட்டுக்காரங்க, பால்காரர், பசங்களோட டீச்சர், எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், தம்பியோட போறேன்னு. இப்ப அந்த டீச்சர் "எப்பங்க கிளம்பறீங்க?"ன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?

ஆனாலும் ஒண்ணு. மெக்கானிக் பேசற வாக்கியத்தை எண்ணிக்கிட்டு இருப்பேன்னு எழுதுவியே, இரும்புத் தூளு பல்பொடி மாதிரின்னு எழுதினியே, அதெல்லாம் எப்படிடா பொய்யா எழுத வரும்? அவ வெளியூர் போனப்போ அந்தக் கடுதாசியெல்லாம் அலமாரில பாத்தேன். நடுவுல சில பக்கம் காணோம், ஜூனுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல.

அதனால நேராக் கேக்கறேன். வண்டி இருக்கா, இல்லையா? இருக்குன்னு நீ ஒரு வார்த்தை எழுதினா நான் நம்பிடுவேன். அவ பொய் சொன்னான்னு ஆயிடும், அப்புறம் நான் இங்க எப்படி இருப்பேன்னு தெரியல. இருந்தாலும் எழுது. உண்மையை மட்டும் எழுது. சுத்தி வளைக்காத.

அக்கா


ஆகஸ்ட் 12

அக்காவுக்கு,

நான் நலம்.

வண்டி இல்லை. நான்தான் ஜோடித்தேன். மெக்கானிக் என்று ஒருவரும் இல்லை, இரும்புத் தூளும் இல்லை. பட்டறையில் வேலை குறைந்துவிட்டது, பொழுது போகவில்லை, எழுதினேன். நீ இவ்வளவு தூரம் நம்புவாய் என்று நினைக்கவில்லை. சுண்டெலி சொன்னதுதான் சரி. அவளிடம் கோபப்படாதே.

டீச்சர் கேட்டால் தம்பிக்கு முழங்கால் சரியில்லை என்று சொல்.

நிறைய எழுத இன்றைக்கு நேரமில்லை. வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார், சாவி கொடுக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் நிற்கிறார்.

தம்பி